தலையீடு தொடங்கும் முன்பே எண்ணிக்கை குறைகிறது: இதை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி: ஆய்வு மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் சிறப்புக் கல்வியில் முதுகலை படிக்கிறேன். நடத்தை மாற்றம் குறித்த ஆய்வை முதல் முறையாகச் செய்துகொண்டிருக்கிறேன். பாடத்தில் படித்தபோது தெளிவாக இருந்தவையெல்லாம் வகுப்பறையின் பின்வரிசையில் தாளும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்த பிறகு குழப்பமாகிவிட்டன. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் பாடம் நடக்கும்போது இடத்தைவிட்டு எழுந்து எழுந்து போய்விடுகிறான் என்பது வகுப்பாசிரியையின் முறையீடு. பெற்றோரிடம் எழுத்துமூலம் ஒப்புதல் பெற்று, நெறிமுறைக் குழுவின் அனுமதியும் கிடைத்த பிறகே தொடங்கினேன். தினமும் 45 நிமிடம் நடக்கும் எழுத்துப் பயிற்சி வேளையில் அவன் எத்தனை முறை எழுந்து போகிறான் என்று எண்ணுகிறேன். முதல் பத்து நாள் எதையும் மாற்றாமல் அளப்பது. அடுத்து, ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் ஒரு டோக்கன் என்று கொடுத்து, அவன் விரும்பும் விளையாட்டு நேரத்தை அந்த டோக்கன்களால் பெறவைப்பது. பிறகு டோக்கனை நிறுத்திப் பார்ப்பது. கடைசியில் மீண்டும் கொடுப்பது. இதுவே என் திட்டம்.

ஒன்பது நாள் ஆகிவிட்டது. நாள்வாரியாக நான் பதிந்த எண்ணிக்கை: 17, 15, 16, 13, 12, 11, 9, 8, 6. நான் இன்னும் எதுவுமே செய்யவில்லை. அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வரைபடத்தில் கோடு சரிந்துகொண்டே வருகிறது. என் நெறியாளர், "குறைவது நல்லதுதானே, திங்கட்கிழமை டோக்கனைத் தொடங்கிவிடுங்கள், முடிவு இன்னும் தெளிவாக வரும்" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நாளை எண்ணிக்கை 3 ஆனால் அது டோக்கனால் வந்தது என்று எந்த முகத்தோடு எழுதுவேன்?

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. ஆறாம் நாள் என் தோழி ஒருத்தியும் தனியாக எண்ணினாள். எனக்கு 11 வந்தது, அவளுக்கு 12. பதினொன்றைப் பன்னிரண்டால் வகுத்தால் 92 விழுக்காடு ஒப்புமை. 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் போதும் என்று படித்திருக்கிறேன். இது போதுமா? அடுத்தது, பலன் தந்துகொண்டிருக்கும் டோக்கனை ஆய்வுக்காக நிறுத்துவது முறையா? குழந்தையிடம் கொடுத்ததைப் பிடுங்குவது போல எனக்குத் தோன்றுகிறது.

பதில்: நடத்தை ஆய்வாளர் (பணி ஓய்வு)

உங்கள் மனம் ஒப்பாததில் நியாயம் இருக்கிறது. திங்கட்கிழமை தொடங்காதீர்கள்.

எதையும் மாற்றாமல் அளக்கும் அடிப்படைக் கட்டம் இருப்பதே, தலையிடாமல் விட்டிருந்தால் இந்த நடத்தை எப்படிப் போயிருக்கும் என்று கணிப்பதற்காகத்தான். கோடு ஏறக்குறைய சமமாக ஓடினால், அதை அப்படியே நீட்டி, தலையீட்டுக்குப் பின் வரும் அளவோடு ஒப்பிடலாம். நீங்கள் விரும்பும் திசையிலேயே கோடு சரிந்துகொண்டிருக்கும்போது தலையிட்டால், சரிவு டோக்கனால் வந்ததா, தானாக வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல இயலாது. கோடு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தால், அதாவது அவன் எழுந்து போவது நாளுக்கு நாள் கூடிக்கொண்டிருந்தால், தொடங்குவதில் தவறில்லை. பத்து நாள் என்பது நீங்களாக வைத்துக்கொண்ட கணக்கு. நடத்தை நிலைப்படும் வரை காத்திருப்பதே முறை. அது ஆறு நாளிலும் ஆகலாம், இருபது நாளிலும் ஆகலாம்.

ஏன் சரிகிறது என்பது அடுத்த கேள்வி. அளப்பதே நடத்தையை மாற்றிவிடும் என்பது இந்தத் துறையில் பழைய செய்தி. 1970-இல் ரிச்சர்ட் மெக்ஃபால் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வை நான் பயிற்சி வகுப்புகளில் தவறாமல் சொல்வதுண்டு. புகைபிடிக்கும் மாணவர்களில் ஒரு பகுதியினர் தாங்கள் பிடித்த சிகரெட்டுகளை எண்ண வேண்டும். மற்றொரு பகுதியினர் பிடிக்கத் தோன்றியும் பிடிக்காமல் விட்ட தருணங்களை எண்ண வேண்டும். முதல் பிரிவினர் முன்பைவிடக் கூடுதலாகப் புகைபிடித்தார்கள், இரண்டாம் பிரிவினர் குறைத்தார்கள். இருவர் செய்ததும் எண்ணுவது மட்டுமே. எதை எண்ணுகிறோம் என்பதே நடத்தையை ஒரு பக்கம் இழுத்துவிட்டது. அந்தச் சிறுவன் தன்னை எண்ணவில்லை என்றாலும், பின்வரிசையில் தினமும் ஒருவர் தாளோடு உட்கார்ந்திருக்கிறார் என்பது அவனுக்குத் தெரியும், அவனுடைய ஆசிரியைக்கும் தெரியும். புதிய ஆள் பழகப் பழக அந்தத் தாக்கம் பெரும்பாலும் தேயும். எனவே இன்னும் ஒரு வாரம் சும்மா உட்கார்ந்திருங்கள்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் எண்ணுவது "எழுந்து போவது". எழுந்து போனவன் எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பி வருகிறான் என்று குறித்தீர்களா? பதினேழு முறை எழுந்து ஒவ்வொரு முறையும் அரை நிமிடத்தில் திரும்புபவன் எட்டரை நிமிடம்தான் இடத்தில் இல்லை. ஒரே முறை எழுந்து நாற்பது நிமிடம் திரும்பாதவனுக்கு உங்கள் தாளில் 1 என்று விழும். தொடக்கமும் முடிவும் தெளிவாக உள்ள, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரம் எடுக்கும் செயல்களுக்குத்தான் எண்ணிக்கை பொருத்தமான அளவு. கை தூக்குவதை எண்ணலாம், விடைகளை எண்ணலாம். நீண்டும் குறுகியும் நிகழும் நடத்தைக்கு நேர அளவும் வேண்டும். பழைய தாள்களைப் புரட்டிப் பாருங்கள். தோழி எண்ணிய தாளையும் சேர்த்துப் பாருங்கள்.

நெறியாளரிடம் இதைச் சொல்லத் தயங்க வேண்டாம். அவர் அவசரப்படுவது கல்வியாண்டு முடிகிறது என்பதற்காகவும் இருக்கலாம். வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய், கோட்டை நீட்டி வரைந்து காட்டுங்கள்.

பதில்: புள்ளியியல் ஆசிரியர்

இரண்டாவது ஐயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். 92 விழுக்காடு போதாது. அந்த எண் நீங்கள் நினைப்பதைச் சொல்லவும் இல்லை. நீங்கள் 11, தோழி 12 என்பதால் இருவரும் ஒரே பதினொரு நிகழ்வுகளைத்தான் பார்த்தீர்கள் என்று ஆகாது. முதல் பாதியில் நீங்கள் பார்த்து அவர் தவறவிட்டவை நான்கும், பின்பாதியில் அவர் பார்த்து நீங்கள் தவறவிட்டவை ஐந்தும் இருந்தாலும் இதே 92தான் வரும். கூட்டுத்தொகை பிழைகளை ஒன்றோடொன்று கழித்து மறைத்துவிடும்.

45 நிமிடத்தை 15 விநாடித் துண்டுகளாகப் பிரித்தால் 180 கட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் இருவரும் ஒரே குறியை இட்டார்களா என்று பாருங்கள். அதிலும் ஒரு பொறி உண்டு. ஒரு நடத்தை பத்தில் ஒரு கட்டத்தில்தான் நிகழ்கிறது என்று வையுங்கள். உற்றுநோக்குபவர்கள் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்குப் பதினெட்டு கட்டங்களில் இஷ்டத்துக்குக் குறியிட்டால்கூட, சராசரியாக 82 விழுக்காடு கட்டங்களில் ஒத்துப்போவார்கள். இருவரும் "நிகழவில்லை" என்று விடும் வாய்ப்பு 0.9 பெருக்கல் 0.9, அதாவது 0.81, இருவரும் "நிகழ்ந்தது" என்று குறிக்கும் வாய்ப்பு 0.1 பெருக்கல் 0.1, அதாவது 0.01. கண்ணை மூடிக்கொண்டவர்களே 80 என்ற வரம்பைத் தாண்டிவிடுகிறார்கள் அல்லவா? இப்படித் தற்செயலாக வரும் ஒப்புமையைக் கழித்துவிட்டுக் கணக்கிடுவதற்காகத்தான் 1960-இல் ஜேக்கப் கோஹென் கப்பா என்ற அளவைத் தந்தார். அதைப் போடுங்கள்.

இன்னொன்று. ஒரு நாள் மட்டும் ஒப்பிட்டால் போதாது. டோக்கனுக்கு முன், டோக்கனோடு, நிறுத்திய பின் என்று ஆய்வின் ஒவ்வொரு பகுதியிலும் ஐந்தில் ஒரு பங்கு நாள்களிலாவது இரண்டாமவர் எண்ண வேண்டும். எந்த நாளில் ஒப்பிடப் போகிறோம் என்பது உங்களுக்கே முன்கூட்டித் தெரியாமல் இருந்தால் மிக நல்லது. தங்கள் பதிவு சரிபார்க்கப்படுகிறது என்று தெரிந்திருக்கும்போது உற்றுநோக்குபவர்களின் ஒப்புமை உயர்ந்தும், தெரியாதபோது தாழ்ந்தும் இருந்ததை 1973-இல் ரோமன்சிக்கும் அவருடைய சகாக்களும் காட்டியிருக்கிறார்கள். அளக்கப்படும்போது மாறுவது குழந்தைகள் மட்டுமல்ல.

ஆய்வு மாணவி:

ஐயா இருவருக்கும் மிக்க நன்றி. பழைய தாள்களை நேற்று இரவு முழுவதும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தோழியின் வற்புறுத்தலால் முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு முறையும் அவன் எழுந்த நேரத்தையும் திரும்பி உட்கார்ந்த நேரத்தையும் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தேன். அதை நான் கூட்டிப் பார்த்ததே இல்லை.

கூட்டினேன். முதல் நாள் 17 முறை எழுந்தான், மொத்தம் 14 நிமிடம் இடத்தில் இல்லை. ஆறாம் நாள் 11 முறை, 16 நிமிடம். ஒன்பதாம் நாள் 6 முறை, 19 நிமிடம். நான் "குறைகிறது" என்று எழுதிய ஒன்பது நாளில் அவன் இடத்தில் இல்லாத நேரம் கூடியிருக்கிறது. இந்தத் தாளை வைத்துக்கொண்டு டோக்கனைத் தொடங்கியிருந்தால் நடந்திருக்கக்கூடியதை நினைத்தால் கை நடுங்குகிறது.

ஓரக் குறிப்புகளில் இன்னொன்றும் இருந்தது. முதல் மூன்று நாள்களில் அவன் எழுந்தவுடன் ஆசிரியையின் மேசைப் பக்கம் போவான், அவர் அவன் பெயரைச் சொல்லி, "போய் உட்கார்" என்பார், போய் உட்கார்வான், இரண்டு நிமிடத்தில் மறுபடியும் எழுவான். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஆசிரியை அவனைக் கூப்பிடுவதே குறைந்துவிட்டது. அவன் சன்னலருகே போய் நின்றால் நின்றபடியே இருக்கிறான். நான் அங்கே உட்கார்ந்திருப்பதால் அவர் கூச்சப்பட்டுக் கண்டிப்பதை விட்டுவிட்டாரோ என்று இப்போது தோன்றுகிறது.

பதில்: சிறப்புப் பள்ளி ஆசிரியை

தங்கையே, உன் ஆய்வின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு அந்தப் பென்சில் குறிப்பில்தான் இருக்கிறது. ஒன்பது நாளில் மாறியது சிறுவன் மட்டுமல்ல, ஆசிரியையும் மாறியிருக்கிறார். நீ அவனை அளந்தாய். அளக்கப்படுவதாக உணர்ந்தவர் அவர்.

கனடாவில் வெய்பர்ன் என்ற ஊரின் மனநல மருத்துவமனையில் டியோடோரோ அய்யோனும் ஜாக் மைக்கேலும் செய்து 1959-இல் வெளியிட்ட ஆய்வை நீ கட்டாயம் படிக்க வேண்டும். நோயாளி ஒருவர் செவிலியர் அறைக்குள் ஓயாமல் நுழைந்துவிடுவார். எண்ணிப் பார்த்ததில் நாளொன்றுக்குச் சராசரி 16 முறை. ஒவ்வொரு முறையும் செவிலியர்கள் அவரைக் கைபிடித்து வெளியே அழைத்துப்போய் விடுவார்கள், சொல்லிப் பார்ப்பார்கள், சில நேரம் கடிந்துகொள்வார்கள். ஆய்வாளர்கள் சொன்னது ஒன்றுதான்: அவர் வந்தால் கவனிக்காதீர்கள். ஏழாம் வாரத்தில் அது நாளுக்கு இரண்டு முறையாகக் குறைந்துவிட்டது. அவர்கள் தடுப்பதாக நினைத்துச் செய்ததுதான் அந்த நடத்தையை வளர்த்து வந்திருக்கிறது. கண்டிப்பும் கவனிப்புதான், கவனிப்புக்கு ஏங்குபவருக்கு அது வலுவூட்டல், அதாவது அதே நடத்தையை மேலும் செய்யத் தூண்டும் பலன்.

ஆனால் உன் சிறுவனும் அப்படித்தான் என்று உடனே முடிவு கட்டிவிடாதே. கவனிப்புக்காகத்தான் எழுந்தான் என்றால், ஆசிரியை கூப்பிடுவதை நிறுத்திய பிறகு அவனுக்கு அங்கே ஒன்றும் கிடைக்காததால் முதலில் சில நாள் இன்னும் அதிகமாக எழுந்து பார்த்திருப்பான். வலுவூட்டலை நிறுத்தியவுடன் நடத்தை ஒரு முறை பொங்கி எழுந்து, அதன் பிறகு அடங்குவது அடிக்கடி நிகழ்வது. உன் எண்களில் அந்தப் பொங்கல் இல்லை. எழுவது குறைந்தது, வெளியே நிற்கும் நேரம் நீண்டது. கூப்பிட்டு உட்கார வைக்க ஆள் இல்லாததால் அவன் நிம்மதியாகச் சன்னலருகே நிற்கிறான் என்றால், அவன் தேடுவது ஆசிரியையை அல்ல, எழுத்துப் பயிற்சியிலிருந்து விடுதலையை. நீ அளப்பது எழுத்துப் பயிற்சி வேளையில் மட்டும்தானே? ஓவியம் வரையும் வேளையிலோ கதை சொல்லும் வேளையிலோ அவன் எழுகிறானா? பார்த்தாயா?

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் குழந்தைகள் ஒன்பது பேரிடம் பிரையன் இவாட்டாவும் சகாக்களும் 1982-இல் செய்தது அதுதான். ஒரே நடத்தை கவனிப்புக் கிடைக்கும் சூழலில் எவ்வளவு, கடினமான வேலை கொடுத்துத் தப்பிக்க விடும் சூழலில் எவ்வளவு, தனியாக விட்டால் எவ்வளவு, விளையாட விட்டால் எவ்வளவு என்று தனித்தனியே அளந்தார்கள். பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்த நடத்தை குழந்தைக்குக் குழந்தை வெவ்வேறு காரணத்தால் நடந்தது. காரணம் தெரியாமல் டோக்கன் கொடுப்பது, காய்ச்சல் எதனால் வந்தது என்று பாராமல் நெற்றியில் ஈரத்துணி போடுவதைப் போன்றது. குளிர்ச்சி கிடைக்கும், காய்ச்சல் அங்கேயே இருக்கும்.

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில் இப்படி எழுந்து போகும் ஒரு சிறுமிக்கு நட்சத்திர அட்டை போட்டு இரண்டு மாதம் உட்கார வைத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். அவளுக்குக் கரும்பலகை எழுத்துகள் தெளிவாகத் தெரியவில்லை என்பதும், கிட்டே போய்ப் பார்க்கத்தான் எழுந்தாள் என்பதும் பிற்பாடு கண் பரிசோதனையில்தான் தெரிந்தது. அவளுக்கு எது தேவையோ அதைச் செய்துகொண்டிருந்தவளை நான் நட்சத்திரம் ஒட்டி நிறுத்தியிருக்கிறேன். அன்றிலிருந்து, ஏன் எழுகிறது என்று தெரியாத குழந்தையை உட்கார வைப்பதற்கு நான் அவசரப்படுவதில்லை.

இந்தத் துறையில் இந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் உண்டு. 1972-இலேயே வினெட்டும் விங்க்லரும், வகுப்பறையில் நடந்த நடத்தை மாற்ற ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துவிட்டு, இவற்றில் பெரும்பாலானவை குழந்தைகளை அசையாமல், பேசாமல், அடங்கி இருக்கத்தான் பழக்குகின்றன என்று கடுமையாக எழுதினார்கள். அதற்கு எதிர்ப்புறம் நல்ல எடுத்துக்காட்டும் உண்டு. உல்ஃப், ரிஸ்லி, மீஸ் மூவரும் 1964-இல் வெளியிட்ட ஆய்வில், கண்புரை அறுவை செய்த மூன்றரை வயதுச் சிறுவன் மூக்குக்கண்ணாடி போட மறுத்தான். போடாவிட்டால் பார்வையே போய்விடும் நிலை. வெறும் சட்டத்தைக் கையில் எடுப்பதற்கும், முகத்தருகே கொண்டு வருவதற்கும் சிறு சிறு படியாக வலுவூட்டி, கடைசியில் நாளுக்கு 12 மணி நேரம் கண்ணாடி அணிய வைத்தார்கள். அங்கே மாற்றம் யாருக்காக என்பதில் யாருக்கும் ஐயம் வராது. உன் சிறுவன் உட்கார்ந்தால் லாபம் யாருக்கு? அவன் எழுதக் கற்றுக்கொண்டால் அவனுக்கு. வெறுமனே உட்கார்ந்திருந்தால் வகுப்புக்கு மட்டும். ஆகவே எழுந்து போகும் நேரத்தோடு, அவன் எழுதி முடிக்கும் வரிகளையும் அளந்துவிடு.

டோக்கனை நிறுத்திப் பார்ப்பது பற்றிக் கேட்டிருந்தாய். நான் அதைச் செய்யமாட்டேன். பலன் கண்ட குழந்தையிடமிருந்து அதை எடுத்துவிட்டு, அவன் மறுபடி கெடுகிறானா என்று பார்ப்பதற்கு என் மனம் இடம் தராது.

பதில்: நடத்தை ஆய்வாளர் (பணி ஓய்வு)

அம்மையார் சொன்னவற்றில் கடைசிப் பத்தி தவிர அனைத்தையும் ஒப்புக்கொள்கிறேன். நான் பதினேழுக்கும் ஆறுக்கும் இடையில் எண்களை மட்டும் பார்த்தேன். அவர் ஆசிரியையைப் பார்த்தார்.

நிறுத்திப் பார்ப்பதைப் பற்றி மட்டும் மறுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது கொடுமைக்காக வைத்த கட்டமல்ல. 1964-இல் ஆலன், ஹார்ட் முதலியோர் மழலையர் பள்ளியில் தனித்தே இருந்த நான்கு வயதுச் சிறுமியிடம் செய்தது நினைவுக்கு வருகிறது. பெரியவர்களிடமே ஒட்டிக்கொண்டிருந்த அவள் மற்றக் குழந்தைகளோடு செலவிட்ட நேரம் பத்தில் ஒரு பங்குதான். அவள் குழந்தைகளோடு இருக்கும்போது மட்டும் ஆசிரியர்கள் கவனிப்புத் தந்தார்கள். சில நாளில் அந்த நேரம் பாதிக்கும் மேலாயிற்று. அதன் பிறகு ஐந்து நாள் பழைய முறைக்கே திரும்பினார்கள். அவளும் பழையபடி பெரியவர்களிடம் திரும்பினாள். மீண்டும் புதிய முறை, மீண்டும் மாற்றம். அந்த ஐந்து நாள் இல்லாவிட்டால், அவள் பள்ளிக்குப் பழகிவிட்டாள், வளர்ந்துவிட்டாள் என்றே எல்லோரும் சொல்லியிருப்பார்கள். ஆசிரியர்கள் தங்கள் கவனிப்பின் வலிமையைக் கண்ணால் கண்டது அந்த ஐந்து நாளில்தான். பலனில்லாத முறையைப் பலனுள்ளதென்று நம்பி ஆண்டுக்கணக்கில் ஆயிரக்கணக்கான குழந்தைகளிடம் செய்வதும் நெறிமுறைக் குற்றம்தானே?

ஆனால் வரம்பு உண்டு. காயப்படுத்திக்கொள்ளும் குழந்தையிடமோ, சாலையில் ஓடும் குழந்தையிடமோ நிறுத்திப் பார்க்கும் கட்டத்துக்கு நான் சம்மதித்ததில்லை. எதை டோக்கனாக வைக்கிறோம் என்பதிலும் வரம்பு உண்டு. 1960-களில் இல்லினாய் மாநில மருத்துவமனை ஒன்றில் அய்யோனும் நேதன் அஸ்ரினும் டோக்கன் முறையை வளர்த்தெடுத்த பிறகு, அது பல மனநல மருத்துவமனைகளுக்குப் பரவியது. சில இடங்களில் நல்ல படுக்கை, தனிமை போன்றவற்றைக்கூட டோக்கன் கொடுத்துப் பெற வேண்டியிருந்தது. அலபாமாவில் வயட் எதிர் ஸ்டிக்னி வழக்கில் 1972-இல் நீதிமன்றம் வகுத்த தரநிலைகள், இவற்றில் பல நோயாளியின் உரிமை, வெகுமதி அல்ல என்று ஆக்கிவிட்டன. உங்கள் திட்டத்தில் விளையாட்டு நேரத்தை வெகுமதியாக வைத்திருக்கிறீர்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைக்கும் விளையாட்டு நேரத்தைக் குறைத்துவிட்டு அதை டோக்கனுக்கு விற்காதீர்கள். அது கூடுதல் நேரமாக மட்டுமே இருக்கட்டும்.

அம்மையாருக்கும் உங்களுக்கும் ஒத்துவரக்கூடிய வழி ஒன்றுண்டு. 1968-இல் பேயர், உல்ஃப், ரிஸ்லி மூவரும் பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிய கட்டுரையிலேயே அது இருக்கிறது. நிறுத்திப் பார்ப்பதற்குப் பதிலாக, மூன்று வேளைகளில் ஒரே நேரத்தில் அளக்கத் தொடங்குங்கள்: எழுத்து, கணக்கு, வாசிப்பு. எழுத்து வேளையில் முதலில் தலையிடுங்கள். மற்ற இரண்டிலும் கோடு பழையபடியே ஓடி, எழுத்தில் மட்டும் மாறினால், அடுத்த வாரம் கணக்கில் தொடங்குங்கள்; பிறகு வாசிப்பில். தலையிட்ட வேளையில் மட்டும், தலையிட்ட நாளிலிருந்து மட்டும் கோடு திரும்பினால், குழந்தை வளர்ந்துவிட்டான் என்றோ உங்களுக்குப் பழகிவிட்டான் என்றோ யாரும் சொல்ல முடியாது. கொடுத்ததைப் பிடுங்க வேண்டியதும் இல்லை. இதன் குறை ஒன்றுதான்: எழுத்தில் ஏற்பட்ட மாற்றம் தானாகக் கணக்கு வேளைக்கும் பரவிவிட்டால் ஆய்வின் வலிமை குறையும், ஆனால் குழந்தைக்கு அதைவிட நல்லது வேறில்லை.

அப்படித் தானாகப் பரவும் என்று எதிர்பார்த்து உட்காராதீர்கள். ஸ்டோக்ஸும் பேயரும் 1977-இல் எழுதியபோது, பயிற்சி கொடுத்துவிட்டு மற்ற இடங்களுக்கும் பரவும் என்று நம்பியிருப்பதுதான் ஆய்வாளர்கள் பெரிதும் செய்வது என்று வருந்தினார்கள். டோக்கனை எப்படிக் கொடுப்பது என்று திட்டமிடும் அதே நாளில், எப்படிப் படிப்படியாக விலக்குவது என்றும் எழுதி வையுங்கள்.

பதில்: புள்ளியியல் ஆசிரியர்

டோக்கன் பற்றி ஒரு சேர்க்கை. லெப்பர், கிரீன், நிஸ்பெட் 1973-இல் செய்த ஆய்வில், ஏற்கெனவே விருப்பத்தோடு வண்ணப் பேனாவால் வரைந்துகொண்டிருந்த மழலையரில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாகச் சொல்லிக் கொடுத்தார்கள். பின்னாள்களில் அந்தக் குழந்தைகள் தாங்களாக வரைந்த நேரம் மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதிதான். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் இந்தச் சரிவு இல்லை. உங்கள் சிறுவன் எழுத்துப் பயிற்சியை விரும்பவில்லை என்பது தெரிவதால் இந்தக் கவலை உங்களுக்குக் குறைவு. ஆனால் வாசிப்பு அவனுக்குப் பிடித்தமானது என்று தெரியவந்தால், அந்த வேளையில் டோக்கனைக் கொண்டுபோகாதீர்கள். மூன்று வேளைகளைத் தேர்ந்தெடுக்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

ஆய்வு மாணவி:

எல்லோருக்கும் நன்றி. அக்கா கேட்டதற்காக நேற்றும் இன்றும் ஓவிய வேளையிலும் வாசிப்பு வேளையிலும் போய் உட்கார்ந்தேன். ஓவிய வேளையில் அவன் ஒரு முறைகூட எழவில்லை. வாசிப்பில் இரண்டு முறை, இரண்டும் புத்தகம் மாற்றுவதற்காக. கணக்கில் எழுதாமல் வாயால் விடை சொல்லும்போது உட்கார்ந்திருக்கிறான், நோட்டில் எழுதச் சொன்னதும் எழுகிறான். பென்சில் பிடிக்கும் அவன் கையை இன்று பக்கத்தில் போய்ப் பார்த்தேன். விரல் நுனிகள் வெளுக்கும் அளவுக்கு அழுத்திப் பிடிக்கிறான். நான்கு வரி எழுதியதும் கையை உதறுகிறான். ஐந்தாம் வரியில் எழுந்துவிடுகிறான்.

நெறியாளரிடம் நேரக் கணக்கை வரைந்து காட்டினேன். எண்ணிக்கைக் கோடு கீழே போவதையும் நேரக் கோடு மேலே போவதையும் ஒரே தாளில் பார்த்தவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, தொடக்கத்திலிருந்து செய்யுங்கள், காலக்கெடுவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கை அசைவுகளைப் பரிசோதிக்கத் தொழில்வழி சிகிச்சையாளரிடம் அவனை அழைத்துப்போகப் பெற்றோர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பரிசோதனை முடியும் வரை டோக்கன் இல்லை. ஆசிரியையிடமும் பேசினேன். நான் எண்ணுவது அவரை அல்ல என்றும், அவர் வழக்கமாகச் செய்வதை அப்படியே செய்யலாம் என்றும் சொன்னேன்; கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துவிட்டது, நீங்கள் வந்ததும் என்ன நினைப்பீர்களோ என்று விட்டுவிட்டேன் என்றார்.

புதிய பதிவுத்தாளில் இப்போது நான்கு பத்திகள்: எழுந்த நேரம், உட்கார்ந்த நேரம், எழுந்தவுடன் ஆசிரியை செய்தது, அதுவரை அவன் எழுதி முடித்த வரிகள். தோழி வாரத்தில் இரண்டு நாள் வருவாள். எந்த நாள் என்று எனக்குச் சொல்லமாட்டாள். திங்கட்கிழமை முதல் நாளாக மறுபடியும் அளக்கத் தொடங்குகிறேன். நான்காவது பத்தியை 15 விநாடிக் கட்டங்களோடு எப்படிப் பொருத்துவது என்பதில் மட்டும் இன்னும் தெளிவில்லை. மாதிரித் தாள் யாரிடமாவது இருந்தால் பகிர வேண்டுகிறேன்.

பதில்: சிறப்புப் பள்ளி ஆசிரியை

பொருத்த வேண்டாம் தங்கையே. வரிகள் நோட்டிலேயே நிற்கும். வகுப்பு முடிந்த பிறகு எண்ணிக்கொள்ளலாம், எத்தனை பேர் வேண்டுமானாலும் எண்ணிச் சரிபார்க்கலாம். அவன் ஒவ்வொரு முறை எழும்போதும் எந்த வரியில் எழுந்தான் என்று உன் தாளில் ஒரு எண் மட்டும் போட்டு வை. ஐந்தாம் வரி, ஐந்தாம் வரி, நான்காம் வரி என்று வந்துகொண்டிருந்தால், சிகிச்சையாளரிடம் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துப் போ.